கழிவுக் குவியலில் ஒரு மூக்கு

காதைப் பொத்திக்கொண்டு என் பின்னாலேயே வாருங்கள். இடதுபக்கம் ஷோரூம். ஏசி, சோபா, ஏலக்காய் டீ, வரிசையாகச் சாய்த்து வைத்த பளபள கிரானைட் பலகைகள். அங்கே யார் வேண்டுமானாலும் போகலாம். நாம் போகப்போவது அதற்கும் பின்னால். ‘வெளி ஆட்கள் வரக்கூடாது’ என்று கன்னடத்திலும் இந்தியிலும் எழுதி வைத்த போர்டின் மேலேயே யாரோ ஈரச் சட்டையைக் காயப்போட்டிருக்கிற இடத்துக்கு!

ஊர் அத்திபெலே. பெங்களூரிலிருந்து ஓசூர் சாலையில் வந்தால் கர்நாடகம் கடைசியாக மூச்சு விடும் ஊர். எல்லையைத் தாண்டினால் ஜூஜூவாடி, தமிழ்நாடு. ஜிகணியிலிருந்து இந்தப் பக்கம் வரை கல் அறுக்கும் பட்டறைகள் நிறைய. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்துப் பாளங்கள், ஆந்திராவின் சிலேட்டு, ராஜஸ்தான் மார்பிள் எல்லாம் லாரியேறி வந்து இங்கே முகம் கழுவிக்கொண்டு கிளம்பும். அதில் ஒரு பட்டறைக்குள் நுழைய எனக்கு வழி கிடைத்தது, ஒரு ஓய்வுபெற்ற நிலவியல் பேராசிரியரின் புண்ணியத்தில்.

அவரைப் பார்த்ததும் சூப்பர்வைசர் தலையில் கைவைத்துக்கொண்டார். “சார் வந்துட்டாரு! நல்ல கல்லா நாலு எடுத்து வச்சா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாரு. நேரா வேஸ்ட்டுக்குப் போயிடுவாரு.” பேராசிரியர் சிரித்தபடி பையைத் தட்டிக் காட்டினார். உள்ளே ஒரு லென்ஸ், ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பொட்டலம் கடலைமிட்டாய். அவருடைய ஆராய்ச்சிக்கூடம் அவ்வளவுதான்.

முதலில் கேங்-ஸா, பாளத்தைப் பலகை பலகையாக அறுக்கும் ராட்சத ரம்பம். ஒரு சின்ன அறை அளவுக்குக் கற்பாளம் நிற்கிறது. அதன் தலையில் வரிசையாக இரும்புப் பட்டைகள் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. எஃகுத் துகளும் சுண்ணாம்பும் கலந்த சேறு மேலிருந்து விடாமல் ஊற்றுகிறது. அந்தத் துகள்தான் கல்லைத் தின்கிறது. மணிக்குச் சில சென்டிமீட்டர் இறங்கினால் பெரிய விஷயம். சத்தமோ, பக்கத்தில் நிற்பவரின் வாயசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும். மெஷினின் நெற்றியில் போன ஆயுதபூஜையின் சந்தனமும் குங்குமமும் சேற்றுத் தெறிப்புக்கு நடுவே இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன.

ஆபரேட்டர் அண்ணன் கேஜிஎஃப்காரர். தாத்தா வடஆற்காட்டிலிருந்து கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனவர். அப்பாவும் சுரங்கம். 2001-ல் சுரங்கத்தை மூடியதும் அண்ணன் வேலை தேடி இந்தப் பக்கம் வந்துவிட்டார். முழங்கால் வரை சேறு, கழுத்தில் துண்டு, காதில் பஞ்சு. “மூணு தலைமுறையா கல்லுதான் மேடம் சோறு போடுது. எங்க அப்பா கல்லுக்குள்ள இறங்கி வேலை பார்த்தாரு. நான் கல்லை வெளிய நிக்கவச்சு அறுக்கறேன். முன்னேத்தம்தானே?” என்று கத்திச் சொல்லிவிட்டு, தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரித்தார்.

அறுத்த பலகைகள் கிரேனில் தொங்கியபடி பாலிஷ் வரிசைக்கு நகர்கின்றன. அறுத்த கையோடு பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். வெறும் சாம்பல் நிறம், சுண்ணாம்புக் கறை. ஒரு பையன் குழாயைத் திருப்பி ஒரே ஒரு தடவை தண்ணீர் அடித்தான். அவ்வளவுதான், கல் விழித்துக்கொண்டது! ஊதா, ரோஸ், சாம்பல் பட்டைகள் வளைந்து, நெளிந்து, ஒன்றையொன்று துரத்திக்கொண்டு 20 மில்லி கனப் பலகை முழுக்க ஓடின. நான் வாய்விட்டு ‘ஆ’ என்றது அந்தச் சத்தத்தில் நல்லவேளையாக யாருக்கும் கேட்கவில்லை.

வியாபாரத்தில் இதற்குப் பெயர் ‘பாரடைசோ’. கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சரக்கு. நிலவியலாருக்கு இது நைஸ் பாறை. அந்தப் பகுதியின் நைஸ் பாறைகளுக்குச் சுமார் 250 கோடி வயது. பூமியின் ஆழத்தில் சூடேறி, பாதி உருகி, பிசையப்பட்ட பாறை. இந்த மடிப்புகளுக்குத்தான் விலை. அடுத்தடுத்து அறுத்த இரண்டு பலகைகளை எதிரெதிராக விரித்து வைத்தால் மடிப்புகள் ஜோடி சேரும். ‘புக்மேட்ச்’ என்கிறார்கள். “அதுல ஒருத்தருக்குப் பிள்ளையார் தெரிஞ்சாரு மேடம். உடனே பூஜை ரூமுக்குன்னு வாங்கிட்டுப் போயிட்டாரு. எனக்கு அங்க ஒண்ணுமே தெரியல. நானும் கன்னத்துல போட்டுக்கிட்டேன்” என்றார் சூப்பர்வைசர்.

பேராசிரியரின் விரல் மட்டும் பலகையின் ஒரு மூலையில் நின்றது. அங்கே ஒரு மடிப்பு கொக்கியாய் வளைந்திருந்தது. பட்டை ஒருமுறை மடிந்து, மடிந்த அந்த மடிப்பே மறுபடி மடிந்திருக்கிறது. என் காதருகே வந்து கத்தினார்: “ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோம்மா. வளைஞ்சது மூத்தது. வளைச்சது இளையது!” நானூறு பக்கப் பாடப்புத்தகத்தை ஒரு வரியில் முடித்துவிட்டார். இன்று நாம் தேடப்போவது மூத்ததை, அதாவது ஒரு பாறை தன் வாழ்நாளில் வாங்கிய முதல் மடிப்பை. “பாரடைசோல பாக்கிறது சுலபம், கலர் காட்டிக் குடுத்திடும். ஒளிஞ்சு வெளையாடறவன் அங்க இருக்கான்” என்று தகரக் கொட்டகையைக் காட்டினார்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் காதுக்கு விடுதலை. இங்கே மெஷினுக்கு வேலை குறைவு, உளிக்கும் சுத்திக்கும்தான் ராஜ்யம். கருநீலம், பச்சை, துருச்சிவப்பு என்று ஆள் உயரத்துக்குச் சிலேட்டு அடுக்கியிருக்கிறது. வீட்டுச் சுவர்களில் ஒட்டுவதற்குப் போகும் சரக்கு. ஊர், ஆந்திராவின் மார்க்காபுரம். நம் தாத்தா பாட்டிகள் மடியில் வைத்து ‘அ’னா எழுதி, எச்சில் தொட்டு அழித்த சிலேட்டுகளுக்குப் பேர்போன ஊர் அது. மண்டியிட்ட கோலத்தில் ஒரு தாத்தா தடித்த சிலேட்டுத் துண்டைப் பிளந்துகொண்டிருந்தார். அவருக்கும் அந்தப் பக்கம்தான் பூர்வீகம். தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்துதான் பேசுவார்.

அவர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமே! முதலில் சுத்தியால் மெல்ல ஒரு தட்டு. தலையைச் சாய்த்துக் கேட்கிறார். ‘கணீர்’ என்றால் நல்ல கல், ‘தொப்’ என்றால் உள்ளே விரிசல். பிறகு அகல உளியை விளிம்பில் வைத்து ஒரு அடி, சற்று நகர்த்தி இன்னொரு அடி. மூன்றாவது அடிக்குக் கல் ஒரு பெருமூச்சு விட்டு இரண்டாகத் திறந்தது. உள்பக்கம் வழவழவென்று சமதளம். யாராலும் சீவிக் கொண்டுவர முடியாத நேர்த்தி. “நான் ஒடைக்கல. அதுவா தொறக்குது. எங்க தொறக்கும்னு தெரியணும், அந்தே” என்றார்.

சேற்றுப் படிவு அடுக்கடுக்காய் இருப்பதால் அந்த அடுக்கிலேயே பிளக்கிறது என்றுதானே நினைப்போம்? பேராசிரியர் பாட்டிலைத் திறந்து, பிளந்த முகத்தில் தண்ணீரை ஊற்றித் துடைத்தார். மெல்லிய இளஞ்சாம்பல் வரிகள் வழவழப்பான முகத்துக்குக் குறுக்கே ஓடின. அந்த வரிகள்தான் பழைய சேற்றுப் படிவுகள். உளி போன வழி அவற்றை வெட்டிக்கொண்டு வேறு திசையில் போயிருக்கிறது! சேறு இறுகிப் பாறையானபின் பக்கவாட்டில் பெரிய நெருக்கடி வந்திருக்கிறது. உள்ளே இருந்த களிமண் தகடுகள் மெல்ல மெல்ல மைக்காவாக மாறி, நெருக்கியதற்குக் குறுக்காக ஒரே திசையில் அணிவகுத்துவிட்டன. சிலேட்டு பிளப்பது அந்த அணிவகுப்பின் வழியே. ஆக ஒரே துண்டில் இரண்டு எழுத்து: ஒன்று தண்ணீர் எழுதியது, இன்னொன்று நெருக்கடி எழுதியது.

பக்கத்திலேயே கடப்பா கல் கட்டு ஒன்று கிடந்தது. நம் வீட்டுச் சமையலறை மேடை, பரண் எல்லாம் இதுதானே! அதுவும் மார்க்காபுரம் சிலேட்டும் ஒரே கடப்பா பாறைப் படுகையைச் சேர்ந்தவை. ஆனால் படுகையின் மேற்குப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் படுத்தபடியே நிம்மதியாக இருந்துவிட்டது. கிழக்கே நல்லமலைப் பக்கத்துப் பாறைகள்தான் நசுங்கி, மடிந்து, குப்புறக் கவிழ்ந்து, மேற்கு நோக்கித் தள்ளப்பட்டுப் படாதபாடு பட்டவை. நூறு கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட பழைய கதை. இந்த ஏழை சிலேட்டு அந்தக் கிழக்குப் பக்கத்துப் பிள்ளை.

டீ வந்தது. எல்லோரும் கவிழ்த்துப்போட்ட வாளிகளிலும் சிலேட்டுக் கட்டுகளிலும் உட்கார்ந்தார்கள். முகமூடியைக் கழற்றினால் கண்ணைச் சுற்றி ஒரு நிறம், வாயைச் சுற்றி ஒரு நிறம். தூளைத் தட்டிவிட்டபடி பேராசிரியர் முகமூடி போடாத ஒரு இளைஞனை நன்றாக வாங்கினார். மத்தியப் பிரதேசத்து மந்த்சௌரில் சிலேட்டுக்குச்சி செய்த தொழிலாளர்கள் இந்தத் தூளைச் சுவாசித்தே சிலிகோசிஸ் நோயில் விழுந்ததை அவர் சொன்னபோது பிஸ்கட் பாக்கெட் சரசரப்பும் நின்றது. இளைஞன் மெதுவாக முகமூடியைத் தேடி எடுத்தான். பட்டறைக்கு வந்த பின் அன்று சிரிப்பு நின்ற ஒரே நேரம் அதுதான்.

நிலைமையைச் சீராக்க அவரே கதையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். சிலேட்டு ஏன் இப்படிப் பிளக்கிறது என்று 19-ஆம் நூற்றாண்டில் பெரிய மனிதர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்களாம். 1835-ல் ஆடம் செட்ஜ்விக், படிவு வேறு, பிளவு வேறு என்று பிரித்துக் காட்டினார். 1853-ல் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி சிலேட்டை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாகத் தேய்த்து மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்து, எல்லாம் நசுங்கியதன் விளைவு என்றார். 1856-ல் ஜான் டிண்டால் இன்னும் ஒரு படி மேலே போய், மெழுகை அழுத்தியே பிளவை வரவழைத்துக் காட்டினார். “மெழுகா? நம்ம கிட்ட விரிசல் அடைக்கற எபாக்ஸிதான் இருக்கு” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அப்போதுதான் கேஜிஎஃப் அண்ணன் வாய் திறந்தார். “மடிப்புன்னா எங்க அப்பாவுக்கு நல்லாத் தெரியும் சார். சாம்பியன் ரீஃப்ல ‘நார்தர்ன் ஃபோல்ட்ஸ்’னே ஒரு எடம் இருந்துச்சு. தங்கம் போற ரேகை அங்க மடிஞ்சு மடிஞ்சு போகும்.” பேராசிரியர் டீயைக் கீழே வைத்துவிட்டார். புத்தகத்தில் படித்த இடத்தை, அங்கே இறங்கியவரின் மகன் வாயால் கேட்கும் சந்தோஷம்! ஒருவர் படிப்பால் அறிந்தது, ஒருவர் குடும்பத்தால் அறிந்தது. இரண்டு பேரும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நடுவில் வைத்துக்கொண்டு மடிப்பைப் பற்றிப் பேசியதை நான் குறிப்பெடுக்காமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி நிகழ்ச்சியின் உச்சம். கொட்டகைக்குப் பின்னால் கழிவுக் குவியல். உடைந்த மூலைகள், பிய்ந்த சாக்கு, தேய்ந்த பிளேடு, ஒற்றைச் செருப்பு, நடுவில் குட்டி போட்டுப் படுத்திருக்கும் ஒரு பழுப்பு நாய். சிலேட்டில் எது நேராகப் பிளக்கவில்லையோ, எதில் வரி கோணல்மாணலாக ஓடுகிறதோ, அதெல்லாம் இங்கே வந்து விழும். பாரடைசோவில் மடிப்பு இருந்தால் விலை ஏறும், சிலேட்டில் மடிப்பு இருந்தால் குப்பைக்குப் போகும். சாட்சி முழுக்க இந்தக் குப்பையில்தான் என்பது பேராசிரியரின் கட்சி. நல்ல சிலேட்டு நல்லது என்பதாலேயே எதையும் காட்டிக்கொடுக்காதாம்.

ஏன் என்று கேட்டேன். பழைய பாறைகளின் முதல் மடிப்பு இஸ்திரி போட்டு அடுக்கிய புடவை மாதிரி, என்றார். அலமாரியில் பக்கவாட்டில் பார்த்தால் அடுக்கடுக்காகத் துணி தெரியும். பத்துத் துணியோ, பத்தாக மடித்த ஒரே துணியோ, யார் கண்டது? மடிந்து திரும்பும் அந்த விளிம்பைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பாறையில் அந்த விளிம்புதான் மடிப்பின் மூக்கு. மலை அளவு பாறையில் மூக்கு இருக்கும் இடம் கொஞ்சம், இரு பக்கச் சுவர்களோ மைல்கணக்கு. அதனால் பார்ப்பவர் மூக்கைத் தவறவிட்டு, ஒரே படிவைப் பல படிவுகளாக எண்ணிக்கொண்டு போய்விடுவார்.

ஆக, மூக்கு வேட்டை! நானும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினேன். குழாய்ப் பையனும் சேர்ந்துகொண்டான். கல்லைத் தூக்கு, தண்ணீர் ஊற்று, துடை, தூக்கிப் போடு. நகமெல்லாம் கருப்பு, முதுகெல்லாம் வியர்வை. நாய் ஒருமுறை உறுமிவிட்டு எங்களை மன்னித்தது. “அக்கா, இதுவா?” கீறல். “இதுவா?” சிமெண்ட். “இது?”

பேராசிரியர் பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி, லென்ஸைக் கண்ணோடு ஒட்டினார். உள்ளங்கை அகலத் துண்டு. வெளிர்சாம்பல் வரி ஒன்று கீழிருந்து மேலே ஏறி, நுனியில் ஊசியாய்த் திரும்பி, வந்த வழிக்குப் பக்கத்திலேயே இறங்குகிறது. இரண்டு கால்களும் ஏறக்குறைய ஒன்றோடொன்று இணையாக. நுனியில் மட்டும் வரி கனத்துத் தடித்திருக்கிறது. பையனின் கையில் மூக்கு!

லென்ஸ் என் கைக்கு வந்தது. “வரிக்குள்ள பாரு. எந்தப் பக்கம் நறநறப்பு, எந்தப் பக்கம் வழவழப்பு?” தண்ணீரில் கனமான மணல்பொடி முதலில் தங்கும், மெல்லிய சேறு பின்னால் இறங்கும். எனவே நறநறப்பு இருக்கும் பக்கம் படிவின் அடி. இடது காலில் நறநறப்பு வெளிப்பக்கம் இருந்தது. வலது காலிலும் வெளிப்பக்கம். நிமிர்ந்து நின்ற படிவுகளாக மட்டும் இருந்திருந்தால் இரண்டும் ஒரே பக்கம் பார்த்திருக்க வேண்டும். எதிரெதிர்ப் பக்கம் பார்க்கின்றன என்றால் ஒரே படிவு மடிந்து திரும்பியிருக்கிறது. வேறு சாட்சி வேண்டாம்!

இன்னும் இருக்கிறது. பிளவு போகும் திசை அந்த மூக்கைப் பிளந்துகொண்டு நேராக, மடிப்பின் நடுவே போகிறது. மடித்த கையும் பிளவை உண்டாக்கிய கையும் ஒன்று என்பதற்கு அது அடையாளம். துண்டைத் திருப்பி வெயிலுக்குச் சாய்த்தால், பிளந்த வழவழப்பு முகத்தில் மயிரிழைச் சுருக்கங்கள். பிளவே பின்னால் வேறொரு நெருக்கடியில் சுருங்கியிருக்கிறது. காலையில் கேங்-ஸா சத்தத்தில் கேட்ட வரி இப்போது கையில் உட்கார்ந்தது. சுருக்கம் இளையது. அது வருவதற்கு முன்பே பிளவு இருந்தது. அந்தப் பிளவோடு சேர்ந்து பிறந்த மடிப்பும் சுருக்கத்தைவிட மூத்தது. இரண்டுக்கும் முன்னால் சேறு படிந்தது. மூன்று நிகழ்ச்சியும் வரிசை தப்பாமல் உள்ளங்கை அகலத்தில்!

இதே முறையில்தான் பெரிய பெரிய நிலப்பரப்புகளையே படித்திருக்கிறார்கள். 1863-ல் பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்தாரே ராபர்ட் புரூஸ் ஃபூட், அவர்தான் கர்நாடகத்தின் பழம்பாறைத் தொகுதிக்கு 1880-களில் தார்வார் என்று பெயர் வைத்தவர். நூறு வருஷம் கழித்து, 1986-ல், ஐஐடி கரக்பூரின் நாகாவும் ஐதராபாத் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமான என்ஜிஆர்ஐயின் சீனிவாசனும் நக்வியும், தார்வார்ப் பகுதி நெடுக மடிப்புகளின் வரிசை ஒத்துப்போகிறது என்று எழுதினார்கள். வெயிலில் அலைந்து மூக்கு மூக்காகப் பார்த்துச் சேர்த்த ஆதாரம் அது. மூக்கைத் தேடப் பட்டறைக்குள் நுழைய முடியாதவர்கள் பெங்களூர் லால்பாக் பாறைக்குப் போகலாம். கெம்பேகௌடா கோபுரத்துக்குக் கீழே, ஜோடிகள் செல்ஃபி எடுக்கும் இடத்தில், சுமார் 300 கோடி வயது நைஸ் பாறை தன் பட்டைகளைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது.

பேராசிரியர் அந்தக் கல்லைத் துண்டில் சுற்றும்போது சூப்பர்வைசர் வந்து நின்றார். நடந்ததை முழுக்கக் கேட்டார். முகம் மாறியது. “அப்ப இது ஆன்டிக்குன்னு சொல்லுங்க! வேஸ்ட்னு சும்மா எடுத்துட்டுப் போறீங்களே சார், ஒரு ரேட் போடுவோம்.” பேராசிரியர் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினார். சூப்பர்வைசர் எண்ணிப் பார்த்து, “பையனுக்கும் தாத்தாவுக்கும் சேர்த்துத்தானே?” என்றார். பேரம் படிந்தது. உடனே தொண்டையைக் கனைத்துக்கொண்டு பட்டறைக்கே புது உத்தரவு போட்டார்: இனிமேல் மூக்கு வந்தால் குப்பையில் போடாதே, தனியாக வை, சார் வரும்போது மிட்டாய் வாங்கலாம். தாத்தா சிரித்த சிரிப்பில் உளி கைநழுவி விழுந்தது. குவியலின் உச்சியிலிருந்து பையன் ஏற்கெனவே கத்திக்கொண்டிருந்தான்: “சார், இங்க இன்னொண்ணு! இதுக்கு எத்தனை மிட்டாய்?”